ளகரத்தை மாற்றியவன்

செம்பூர் பள்ளிக்கூட மூன்றாம் மாடியில்
ஐந்தாம் வகுப்பு பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினால்
அதுதான் எங்கள் அரண்மனை.
ஹார்பர் ரயில் கடக்கும்போதெல்லாம்
தளபதி வசனத்தை நிறுத்திக் காத்திருப்பான்.
பகலில் அவன் வாஷியில் வெங்காயத் தரகன்.

எனக்கு ஓலைக்காரன் வேடம்.
"வருபவனைக் கொள்க" என்று
தளபதி சொல்லச் சொல்ல எழுதுகிறவன்.
ஓர் எழுத்தை மாற்றுகிறேன்.
மூன்றாம் காட்சியில்
கோட்டை வாசலில் ஒரு தலை விழுகிறது.

இயக்குநர் பிரிசில்லா தாராவியில் பிறந்தவள்.
லகரமும் ளகரமும் அவள் நாக்கில் ஒன்று.
"கொல்க-வை கொல்க-ன்னு மாத்துறான், சரி.
ஏன் மாத்துறான்?"
யாரும் சிரிக்கவில்லை.
நான் மட்டும் சிரித்து, பிறகு நிறுத்திக்கொண்டேன்.

பிரதியில் காரணங்கள் உண்டு, தேவைக்கு மேலேயே.
முதல் காட்சியில்
அந்தப் பதவி தனக்கு வரவேண்டியது என்கிறான்.
இரண்டாவதில்
மனைவியைப் பற்றி எவனோ எதையோ சொன்னானாம்;
நம்பவில்லை, நம்பினால் வசதி என்று
எழுத்தாணியைத் தீட்டுகிறான்.
சாகப்போகிறவனின் சிரிப்பு பிடிக்கவில்லை
என்று இன்னொரு இடத்தில்.
கைமாற்று கேட்டு வருகிறவன்தான்
இத்தனை காரணம் சொல்வான்.

பதினோரு நாள் ஒத்திகை.
பொறாமையாகச் செய்தேன், பல்லைக் கடித்து.
"சீரியல் மாமியார்" என்றாள் பிரிசில்லா.
கோபமாகச் செய்தேன்.
கை நடுங்கி எழுத்து கோணியது.
கோபக்காரனுக்கு அவ்வளவு அழகான லகரம் வராது.

அன்றிரவு மழை.
குர்லாவுக்கும் சுனாபட்டிக்கும் நடுவே
ரயில் நின்றுவிட்டது.
கைப்பிடிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தத்தில்
அருமைநாயகம் வந்தான்.

மஸ்ஜித் பந்தர் சரக்கு அலுவலகத்தில்
என் பக்கத்து மேசை.
ஆரஞ்சு உரித்தால் சுளைகளை எண்ணிப் பிரிப்பான்.
ஒற்றைப்படை வந்தால்
கூடுதல் சுளை எனக்கு.
கிளை மேலாளர் பதவிக்கு அவன் பெயர் ஓடியது.
நான் விண்ணப்பிக்கவே இல்லை.
எனக்கு மனைவியும் இல்லை.
அவன் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை.

தேஷ்முக் சாகேப் ஒரு மாலை
கட்டிங் சாயோடு கேட்டார்,
உங்க ஆள் எப்படி?

"அச்சா ஹை, லேக்கின்…"

அதோடு நிறுத்தி டீயை ஊதினேன்.
டீ ஆறிப்போயிருந்தது.
அந்த லேக்கினுக்குப் பின்னால்
என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.
அவரே நிரப்பிக்கொண்டார்.
குடி என்றா, கணக்கு என்றா, பெண் என்றா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
"ஹ்ம்" என்று மட்டும் சொன்னார்.

பதவி சாவந்துக்குப் போனது.
அருமைநாயகம் மார்ச்சில் நாக்பூர் கிடங்குக்கு.
போகும்போது என் கையைப் பிடித்து
நீயாவது அங்க நல்லா சொல்லியிருப்ப, தெரியும் என்றான்.
டிசம்பரில் ஒரு பெட்டி வந்தது,
வைக்கோல் வைத்துக் கட்டி.
ஆரஞ்சு.
அலுவலகம் முழுக்கப் பங்கு வைத்தேன்.
நானும் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

நின்ற ரயிலில் ஒன்றரை மணி நேரம்
அந்த ஒரு கணத்தைத் திரும்பத் திரும்பத் தடவினேன்.
பகை இல்லை. லாபம் இல்லை.
சும்மா போகிற வழியில்
கோயில் கதவு போன்ற ஒன்றை
சுண்டுவிரலால் தொட்டேன்.
அது நகர்ந்தது.
அவ்வளவு பெரிய கதவு.
இவ்வளவு சின்ன விரல்.

மறுநாள் ஒத்திகையில்
முகத்தில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.
குனிந்து எழுதினேன்.
நடுவில் ரயில் போனது; தளபதி காத்திருந்தான்.
நான் காத்திருக்கவில்லை.
வளைவை முடித்து, சற்றே தள்ளிப் பிடித்துப் பார்த்து,
ஓலைமீது இல்லாத தூசியை ஊதினேன்.

பிரிசில்லா வெகுநேரம் பேசவில்லை.
பிறகு பெஞ்சுகளை இழுத்துப் போடும்போது
பக்கத்தில் வந்து கேட்டாள்,
காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டியா?

"அவனுக்குக் கையெழுத்து நல்லாயிருக்கும்"
என்றேன்.